மகனிடம் அல்ல, அம்மாவிடமே கேளுங்கள்: கொழும்பு வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்களே,

நான் வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். வயிற்றுக் கோளாறு என்று வரும் ஆணின் மருந்துத் துண்டிலும் பெண்ணின் துண்டிலும் அநேகமாக ஒரே மருந்துதான் எழுதியிருக்கும்: இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், காலையில் சாப்பாட்டுக்கு முன். பலருக்கு அது சரியான மருந்து. அதை எழுதுவதற்கு முன் பெண்களிடம் கேட்காமல் விடப்படும் கேள்விகளைப் பற்றித்தான் இந்த மடல்.

மாதவிடாய் நிற்காத வயதில் பெண்களின் இரைப்பை திடமான சாப்பாட்டை ஆண்களின் இரைப்பையைவிட மெதுவாகவே குடலுக்குத் தள்ளுகிறது. புரொஜெஸ்டரோன் என்ற பெண் ஹோர்மோன் குடல் தசைகளைத் தளர்த்தும் என்பது நீங்கள் படித்ததுதான். கர்ப்பிணிகளுக்கு நெஞ்செரிவு வருவதற்கும் அது ஒரு காரணம். மாதவிடாய் தொடங்கியதும், தசைகளைச் சுருங்க வைக்கும் புரொஸ்டகிளாண்டின் கூடி, அதுவரை மலச்சிக்கலோடு இருந்தவளுக்கே வயிற்றால் போகும். இரைப்பை ஒரேயடியாக மந்தமாகிப்போகும் நோயும் பெண்களிடம்தான் கூடுதல், அதற்கு நீரிழிவு ஒரு முக்கிய காரணம். அமிலத்தைக் குறைக்கும் குளிசை இந்த மந்தத்தைத் தீர்க்காது. அமிலம் குறைந்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். இரும்புக் குளிசையையும் ஒமெப்ரசோலையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது எனக்கு மனம் உறுத்துகிறது.

இரைப்பையைப் பற்றிய அறிவு ஓர் ஆணின் வயிற்றிலிருந்துதான் பெரிதாக வளர்ந்தது. 1822இல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு பட்டு, வயிற்றில் மூடாத துவாரத்தோடு பிழைத்தவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். அந்தத் துவாரம் வழியாகச் செரிமானத்தை ஆராய்ந்து 1833இல் வெளியிட்டார் அவருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் வில்லியம் போமண்ட். அப்புறம் 1977இல், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வழிகாட்டியது. 1993இல்தான் அதை மாற்றினார்கள். பெண்ணிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

கொழும்பில் அந்தக் கேள்விக்கு மொழியும் குறுக்கே நிற்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். "ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சு போகுது மகள். சீலை கட்டவும் ஏலாமல் ஊதிக்கொண்டு நிக்குது," என்றார். கையில் வழக்கமான துண்டு. வைத்தியரிடம் மகன்தான் சிங்களத்தில் பேசியிருக்கிறார், 'காஸ்ட்ரைடிஸ்' என்று. மகன் காசு எடுக்க ஏடிஎம் பக்கம் போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினார். நின்றுபோன இரத்தப்போக்கு திரும்பவும் வந்திருக்கிறது. "அதைப் பிள்ளைக்கு முன்னால எப்பிடிச் சொல்றது?"

மாதவிடாய் நின்ற பின் வரும் இரத்தப்போக்கை உடனே பார்க்க வேண்டும். வயிறு ஊதுவதும் கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைவதும் வாரக்கணக்கில் நீடித்தால் சூலகப் புற்றுநோயா என்றும் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே உங்கள் துறைதான். அவருக்கு நான் மருந்து கொடுக்கவில்லை. அன்றைக்கே பெண்நோய் வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணச் சொன்னேன், அதாவது நேரம் பதிந்து போய்ப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு பெண் வயிற்றைக் காட்டி வந்தால், கூட வந்தவரை ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடுங்கள். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, அது உங்கள் அறைக்குள்ளும் வரட்டும். கடைசியாக மாதவிடாய் எப்போது, மாதத்தின் எந்த நாட்களில் வயிறு ஊதுகிறது, எவ்வளவு காலமாக இப்படி, இரும்புக் குளிசை எடுக்கிறாளா என்று அவளிடமே கேளுங்கள். சனலிங்கில் வரிசை நீளம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேளுங்கள். பதிலைத் துண்டின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால், எந்தக் குளிசையை எந்த நேரம் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தமிழில் விளங்கப்படுத்துவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மருந்தாளர்