பக்கவிளைவைப் பற்றி நீங்களே கேளுங்கள்: எச்ஐவி சிகிச்சை தருவோருக்கு ஒரு திறந்த மடல்

எச்ஐவி சிகிச்சை தரும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள், மருந்தாளுநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளாக ஏஆர்டி, அதாவது எச்ஐவி வைரஸை அடக்கிவைக்கும் கூட்டு மருந்து மாத்திரை எடுத்துவருகிறேன். என் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. வேலைக்குப் போகிறேன். உடலுறவு வழியாக என் துணைக்குத் தொற்று பரவாது என்ற நிம்மதியும் இருக்கிறது. இதற்கெல்லாம் உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்களில் நானும் ஒருவர். அந்த நன்றியோடுதான் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். மாத்திரை எங்கள் உடம்பில் என்ன செய்கிறது என்பதை நாங்களாக வந்து சொல்வோம் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கேளுங்கள்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்வோம். காரணம் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் நாளில் எங்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போய்விடலாம் என்பது. அது உண்மை. ஆனால் அந்தப் பாடம் பயத்தோடு மனதில் பதியும்போது, மாத்திரையைக் குறை சொல்வதே குற்றம் என்று தோன்றிவிடுகிறது. தூக்கம் வரவில்லை என்றால் "மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார்" என்று நினைத்துவிடுவார்களோ? உடலுறவில் நாட்டம் போய்விட்டது என்பதை வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். அப்படிப் போகிறவர்களில் சிலர்தான் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

குறிப்பாகக் கேட்டால் பதில் வரும். ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, கெட்ட கனவு வருகிறதா, காலில் எரிச்சல் உண்டா, பழைய உடைகள் இறுக்கமாகிவிட்டனவா என்று கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு மருந்து இருப்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுத்துத் தூக்கம் கெடுகிறவருக்கு, இரவில் எடுப்பதைக் காலைக்கு மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். எஃபாவிரென்ஸ் என்ற இன்னொரு மருந்தின் கதை வேறு. அதைப் படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடி, தலைசுற்றலும் பயங்கரக் கனவுகளும் அதிகமாகும் என்பதுதான். "வெறும் வயிற்றில் எடுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது இன்னொரு கட்டளை. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நாங்கள் அதைக் கைவிட மாட்டோம். அந்த மருந்தால் மனம் சோர்ந்து, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிற நிலைக்கு ஒருவர் போனால் அவருக்கு அறிவுரை போதாது. மருந்தை உடனே மாற்ற வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. டோலுடெக்ராவிர் எடுக்கும் ஒருவருக்கு வயிறு எரிகிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆன்டாசிட், அதாவது வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்து ஒன்றை வாங்கிச் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார். அதில் உள்ள மெக்னீசியமும் அலுமினியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். அதனால் ஆன்டாசிட் எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் கழித்தோதான் டோலுடெக்ராவிரை எடுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி தேவை. உணவோடு எடுத்தால் மட்டும் இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் டோலுடெக்ராவிரோடு சேர்த்தே எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் கால்சியமும் எழுதித் தரும்போதாவது இதைச் சொல்லுங்கள். ஒரு வேளையும் தவறாமல் எடுத்தவருக்கு வைரல் லோட் ஏறினால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டும் முன் கூடவே வேறு என்ன எடுக்கிறார் என்று விசாரியுங்கள்.

எடை கூடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய மருந்துகளோடு எடை கூடுவதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன, அதிலும் பெண்களிடம் அதிகமாக. "சாப்பாட்டைக் குறைங்க" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள், மருந்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். தன் உடம்பின் மாற்றத்துக்குத் தான் மட்டுமே காரணம் என்று நினைத்துக் குமைகிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்களில் மூத்தவர்கள் பலர் ஏன் பேசத் தயங்குகிறார்கள் என்பதற்குப் பழைய வரலாறும் ஒரு காரணம். 1987இல் வந்த முதல் மருந்தான ஜிடோவுடினை அன்று மிக அதிக அளவில், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். பலருக்கு ரத்தசோகை வந்தது. பின்னர் வந்த ஸ்டாவுடின் உயிரைக் காத்தது, ஆனால் கன்னங்களை ஒட்டவைத்தது, கை கால்களை மெலியவைத்தது, பாதங்களில் தீராத எரிச்சலைக் கொடுத்தது. முகத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அஞ்சி வெளியே வராமல் இருந்தவர்கள் உண்டு. ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்தது. அதை எடுத்தவர்களில் பலருக்குப் போன கொழுப்பு முழுமையாகத் திரும்பவில்லை. "பொறுத்துக்கொள்ளுங்கள், உயிர் முக்கியம்" என்று அன்று கேட்டுப் பழகியவர்கள், மாற்று மருந்துகள் இருக்கும் இன்றும் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எது தானாகச் சரியாகும், எது ஆபத்து என்று தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லுங்கள். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அடாசனாவிர் என்ற மருந்தால் கண் மஞ்சளானால் பொதுவாகக் கல்லீரல் கெட்டதாக அர்த்தமில்லை, ஆனாலும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நெவிரபின் எடுப்பவருக்குத் தோலில் தடிப்போடு காய்ச்சலோ கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். அபகாவிர் தருவதற்கு முன், அதற்கு ஒவ்வாமை வரும் வாய்ப்பைக் காட்டும் எச்எல்ஏ-பி 5701 மரபணுச் சோதனை செய்யுங்கள். அந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்தவர் மறுபடி அதை எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதை அவருடைய வீட்டாருக்கும் புரியவையுங்கள். டெனோபோவிர் டிஸோப்ராக்சில் என்ற மருந்து சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதை நீங்கள்தான் சோதனையில் பிடிக்க முடியும். டோலுடெக்ராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவைச் சற்று உயர்த்தும். அந்த எண்ணைச் சீட்டில் பார்த்து நாங்கள் பதறும் முன் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மாத்திரையே காரணம் என்று நான் சொல்லவில்லை. சோர்வுக்குப் பின்னால் காசநோயோ தைராய்டோ மனச்சோர்வோ இருக்கலாம். கேட்டால்தானே அதுவும் தெரியவரும்.

நிறுத்துவதன் ஆபத்தையும் மிரட்டாமல் விளக்குங்கள். எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் உடம்பை விட்டுப் போவதில்லை. மற்றவை போன பிறகும் எஃபாவிரென்ஸ் நாள்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அப்போது அது தனியாக வைரஸை எதிர்கொள்வதால் மருந்து எதிர்ப்பு உருவாக வழி பிறக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் உள்ளவர், அதையும் சேர்த்து அடக்கும் டெனோபோவிரையும் லாமிவுடினையும் திடீரென விட்டால் கல்லீரல் அழற்சி மீண்டும் கிளம்பலாம். சிகிச்சையை இடைவெளி விட்டு எடுத்தவர்களிடம் நோயும் மரணமும் அதிகம் என்று 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு காட்டியது. இவற்றைச் சொல்லிவிட்டு, "நிறுத்தணும்னு தோணினா முதலில் எங்ககிட்ட வாங்க, திட்ட மாட்டோம்" என்றும் சொல்லுங்கள்.

வரச் சொன்னால் வருவதற்கு வழியும் வேண்டும். முதல் மாதத்தில்தான் தொல்லை அதிகம், அப்போதுதான் நாங்கள் மிகவும் தனியாக இருக்கிறோம். அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், மறுமுனையில் எங்கள் மருந்தின் பெயர் தெரிந்த ஒருவர் பேசட்டும். நாங்கள் சொன்னதைக் கோப்பில் எழுதிவையுங்கள். அடுத்த முறை வேறொரு மருத்துவர் பார்த்தாலும் அதைப் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேட்க முடியும். மருந்தை மாற்ற முடியும் என்றால் மாற்றுங்கள். பழைய மருந்து எதிர்ப்பாலோ வேறு காரணத்தாலோ முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை உட்கார்ந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏஆர்டி எடுத்துவரும் ஒருவர்