பரணில் ஆள் இல்லை, கீழ்வீட்டில் நோட்டு இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

கிழக்கு ஜெர்மனி பற்றிய படங்களைக் குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ (2006) அந்நாட்டு வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். ஓர் எழுத்தாளரின் வீட்டை உளவுத்துறை அதிகாரி ஒட்டுக்கேட்கும் கதை. நல்ல படம்தான். ஆஸ்கர் வாங்கியதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் ‘உள்ளது உள்ளபடி’தான் உறுத்துகிறது.

கதை நடப்பது 1984-இல். அதே ஆண்டு நான் அங்கே எட்டு மாதம் இருந்தேன். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகம் ஒரு பிளானெட்டா ஆஃப்செட் மெஷின் வாங்கியது. அதைக் கழற்றி மாட்டக் கற்றுவரச் சொல்லி, டிரெஸ்டனை ஒட்டிய ராடெபொய்ல் ஊருக்கு என்னை அனுப்பினார்கள்.

படம் சரியாகச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கள்ளத்தனமாக வந்த தட்டச்சு மெஷினில் எழுத்தாளர் கட்டுரை அடித்துவிட்டு, மெஷினை அறைவாசல் படிப்பலகைக்கு அடியில் ஒளித்துவைப்பார். இதில் மிகை ஏதும் இல்லை. எந்த மெஷினின் எழுத்து எப்படி விழும் என்று உளவுத்துறையான ஸ்டாசி மாதிரிகள் சேர்த்துவைத்திருந்தது. அச்சகங்களில் இன்னும் கெடுபிடி. சின்னத் துண்டறிக்கைக்கும் அனுமதி எண் வேண்டும். பட்டாசு லேபிளுக்கு அனுமதி எண் கேட்டால் எங்கள் ஊர் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன், சத்தமில்லாமல்.

பிசகுவது கதையின் அச்சாணியே. ஸ்டாசி அதிகாரி வீஸ்லர் பரணில் ஹெட்போனோடு உட்கார்ந்து, மனம் மாறி, பொய் அறிக்கை எழுதி எழுத்தாளரைக் காப்பாற்றுகிறார். தனியாளாக இப்படிச் செய்ய அந்த அமைப்பில் வழியே கிடையாது. ஒட்டுக்கேட்க ஒரு பிரிவு, பின்தொடர ஒரு பிரிவு, வழக்கின் கோப்பைக் கவனிக்க வேறொருவர், அவர்களையும் கண்காணிக்க ஆட்கள். பெர்லினில் ஸ்டாசி சிறை இருந்த ஹோஹென்ஷோன்ஹவுசெனில் இப்போது நினைவகம் இருக்கிறது. அங்கே படம்பிடிக்க அதன் அப்போதைய தலைவர் ஹூபர்ட்டஸ் கனாபே அனுமதி தரவில்லை. படத்தின் இயக்குநர், நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரின் கதையை உதாரணம் காட்டினாராம். ஷிண்ட்லர் என்று ஒருவர் இருந்தார், வீஸ்லர் என்று யாரும் இருந்ததில்லை என்பது கனாபேயின் பதில். (இதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்த் தோழர்கள் ‘பார்த்தாயா, எல்லாம் கட்டுக்கதை’ என்று கிளம்பிவிட வேண்டாம். கனாபேக்குக் கோபம், படம் ஸ்டாசிக்காரரை நல்லவராக்கியதில்.)

1989-இல் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். அவர்களுக்குச் சேதி சொன்னவர்கள் ஏறக்குறைய 1,89,000 பேர். நாட்டின் மக்கள்தொகையே 1.6 கோடிதான். கூட வேலை செய்தவரே சொல்லும்போது பரணில் ஏறுவானேன்?

நான் கண்ணால் கண்டது ஒரு நோட்டுதான். அங்கே ஒவ்வொரு குடியிருப்புக் கட்டடத்திலும் வீட்டுப் பதிவேடு உண்டு. வந்து தங்குகிறவர் பெயர், பிறந்த தேதி, எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். எங்கள் கட்டடத்தில் அதை வைத்திருந்தவர் கீழ்வீட்டு அம்மாள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எது, என் பெயர் எது என்று பிடிபடாமல் இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினார். அப்புறம் ஜூலையில் தோட்டத்துச் செர்ரிப்பழம் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நோட்டைப் போலீஸ் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். நல்லவரா, கெட்டவரா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் மாதிரி ஒருவரை நான் பார்த்த எந்தப் படமும் காட்டவில்லை.

படத்தில் வருவதை உண்மை என்று எடுத்துக்கொண்டதில், கட்டுரையில் திருத்த வேண்டியவை இரண்டு. 1977-இலிருந்து அந்த அரசு தற்கொலைகளை எண்ணுவதையே நிறுத்தியது என்பது ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ படத்தில் வரும் சேதி. உண்மையில் எண்ணினார்கள், எண்ணிப் பூட்டிவைத்தார்கள். அடுத்தது, ‘குட் பை லெனின்’ படத்தில் 1990-இல் லெனின் சிலையை ஹெலிகாப்டர் தூக்கிப்போகும் காட்சி. அது கற்பனை. பெர்லினில் இருந்த 19 மீட்டர் லெனின் சிலையை 1991 நவம்பரில்தான் துண்டு துண்டாகக் கழற்றத் தொடங்கி, ஊரின் ஓரத்துக் காட்டில் புதைத்தார்கள். தலையை மட்டும் 2015-இல் தோண்டியெடுத்து, ஸ்பாண்டௌ கோட்டையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

– ஓய்வுபெற்ற அச்சு மெஷின் மெக்கானிக், சிவகாசி