கரைவலைப் படங்கள்: வெள்ளி இரவுதான் கடைசி

எல்லாருக்கும் வணக்கம். கரைவலை (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) கண்காட்சிக்கு 9 பேர் படம் அனுப்பியிருக்கிறீர்கள், சந்தோசம். ஆனால் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்து அளவு சுருங்கிவிட்டது. 12க்கு 18 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். டொக்கியூமென்டாகத் திரும்ப அனுப்புங்கள்.

டச்சுக்குடாச் சூரிய உதயம் மட்டும் 14 வந்திருக்கிறது. தம்பிமார் கோபிக்கவேண்டாம், ஒன்று போதும். நிலாவெளியில் வலை இழுப்பவரின் உள்ளங்கையை மட்டும் எடுத்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. கயிறு அறுத்த கோடுகளுக்குள் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. ஆவணமா, கலையா என்று போன கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோமே, இந்தக் கையை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? இரண்டையும் ஒருவரே செய்யலாம்: 1930களில் ஊர் மனிதர்களைப் படமெடுத்த இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்தான், இருட்டறையில் சோலரைசேஷனும் (படம் கழுவும்போது வெளிச்சம் காட்டி, இருள் ஒளியைப் பகுதியாகத் தலைகீழாக்குவது) செய்து பார்த்தவர்.

படக்குறிப்பில் இடம், மாதம், என்ன நடக்கிறது, அவ்வளவுதான். 'உழைப்பின் வியர்வை' மாதிரித் தலைப்புகள் வேண்டாம். முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்காத படம் எவ்வளவு நல்லதென்றாலும் மாட்டமாட்டோம்.

போனமுறை இரட்டைப்பக்க டேப்பை நம்பி, கடற்காற்றின் ஈரத்தில் 3 படம் விழுந்தது (என் யோசனைதான், மன்னிக்கவும்). இந்தமுறை சட்டமும் ஆணியும். வழமையாகப் படத்தின் நடு, தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வருவதால் கொஞ்சம் இறக்குவோம்.

சனி பின்னேரம் 4 மணிக்கு மாட்டுகிறோம். சுத்தியல் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், தேத்தண்ணி என் பொறுப்பு.