கால் பெருவிரல் புடைப்புக்கு டேப் ஒட்டுவோர் கவனத்துக்கு

ரோஸ்ஹில், மொரீசியசு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பெருவிரலின் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கமாகப் புடைத்து, விரல் இரண்டாம் விரலை நோக்கிச் சாய்வதை இங்கே பிரெஞ்சில் ‘ஒன்யோன்’ என்கிறோம். அதற்காக எலாஸ்டிக் டேப் வாங்கிப் போகிறவர்களில் பலர், ஒரே நாளில் கழன்றுவிட்டது, தோல் கொப்பளித்துவிட்டது என்று திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் கோளாறு டேப்பில் இல்லை, ஒட்டும் முறையில்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டேப் எலும்பை நேராக்காது. எக்ஸ்ரேயில் விரலின் சாய்வு 15 பாகையைத் தாண்டினால் புடைப்பு என்றும், 40 பாகையைத் தாண்டினால் கடுமை என்றும் கணக்கு. அந்தக் கோணத்தை ஒட்டுத்துணி மாற்றிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒட்டியிருக்கும்வரை விரலை மெல்ல இழுத்துப் பிடித்து, நடக்கும்போது வலியைக் குறைக்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

இந்த வகை டேப் 1970-களில் ஜப்பானில் கென்சோ காசே உருவாக்கியது. பருத்தித் துணி, வெப்பத்தில் பிடிக்கும் அக்ரிலிக் பசை. 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம் உள்ள ரோலில் 18 செ.மீ. துண்டாக வெட்டினால் 27 துண்டு கிடைக்கும். ஒரு காலுக்கு ஒரு தடவை ஒட்ட ஒரு துண்டு போதும்.

அந்தத் துண்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒன்று முழு நீளத்தில் இருக்கட்டும். மற்றதில் 13 செ.மீ. தனியாகவும், மிச்சம் 5 செ.மீ. பாதி அகலத்தில் தனியாகவும். எல்லா மூலைகளையும் வட்டமாக வெட்டுங்கள்; கூர்மூலை காலுறையில் மாட்டி உரியும். பாதத்தைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயோ கிரீமோ ஒரு துளி இருந்தாலும் பசை பிடிக்காது.

நீளத் துண்டின் ஒரு முனையைப் பெருவிரலின் உட்பக்கத்தில், நகத்தை ஒட்டி, 3 செ.மீ. அளவுக்கு இழுக்காமல் ஒட்டுங்கள். இன்னொரு கையால் விரலை இரண்டாம் விரலிலிருந்து விலக்கிப் பிடித்து, புடைப்பின் மேலாக, பாதத்தின் உள்ளோரமாகக் குதிகாலை நோக்கிப் பாதி இழுவையில் கொண்டு போங்கள். பாதி இழுவை என்றால், 10 செ.மீ. டேப் 12 முதல் 13 செ.மீ. வரை நீள வேண்டும். கடைசி 4 செ.மீ. மறுபடி இழுவையே இல்லாமல் படிய வேண்டும். கொப்பளம் வருவது இங்கேதான்: முனையை இழுத்து ஒட்டினால் அது நாள் முழுக்கத் தோலைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். கூடுதலாக இழுத்தால் கூடுதல் பலன் என்பது தவறான எண்ணம்.

13 செ.மீ. துண்டு புடைப்புக்கு ஒரு விரற்கடை பின்னால், பாதத்தின் மேலிருந்து உள்ளோரமாக அடிப்பக்கம் வரை, இழுக்காமல். சின்னத் துண்டை விரலில் இருக்கும் டேப் முனையின் மேல் குறுக்காக ஒட்டுங்கள்; அது முனை கழலாமல் பூட்டும். அதை விரலைச் சுற்றி முழு வளையமாக்காதீர்கள், வீங்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். பிறகு அரை நிமிடம் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ மரத்துப் போனாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

மூன்று நாள் வைத்திருந்து, ஒரு நாள் தோலுக்கு ஓய்வு. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வெக்கையில் இரண்டு நாளே போதும். குளித்தபின் டேப்பின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். சூடான காற்று வேண்டாம், பசை தோலில் கூடுதலாகப் பிடித்துக் கழற்றக் கடினமாகும். கழற்றும்போது தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் கழித்து, தோலை அழுத்திப் பிடித்து மெல்ல உரியுங்கள்.

காவடி எடுப்பவர்களும் கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குப் படியேறுபவர்களும் வெறுங்காலில் நடக்கும் நாளில் டேப்பை எடுத்துவிடுங்கள். சூடான தார்ச்சாலையில் அடிப்பக்கம் சுருண்டு புண்ணாக்கும். தீமிதிக்கு அறவே கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள் எங்களிடம் வருவதற்கு முன் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்பளம் வலிக்காது, வலிக்காத புண் ஆறாமல் வளரும். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. புடைப்பு திடீரென்று சிவந்து, தொட முடியாதபடி கொதித்தால் அது கௌட் (யூரிக் அமிலம் படிவதால் வரும் மூட்டுவீக்கம்) ஆக இருக்கலாம். டேப்புக்கு அங்கே வேலை இல்லை.

ஷூவைக் கவனிக்காமல் டேப் மட்டும் ஒட்டுவது வீண்செலவு. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் உங்கள் ஷூவை வையுங்கள். விரல் பக்கம் கோடு வெளியே தெரிந்தால் ஷூ குறுகல். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடமும் வேண்டும். சவாத் (விரலிடுக்கில் வார் உள்ள ரப்பர் செருப்பு) புடைப்பை அழுத்தாது, ஆனால் விரலால் பற்றி நடக்க வேண்டியிருப்பதால் நெடுந்தூரத்துக்கு ஆகாது. பின்வார் உள்ள செருப்பு மேல்.

அந்தத் தாளையும், அன்றாடம் போடும் ஷூவையும் கடைக்கு எடுத்து வாருங்கள். முதல் தடவை டேப்பை உங்கள் காலிலேயே ஒட்டிக் காட்டுகிறோம். இரண்டாவது காலுக்கு நீங்களே ஒட்டிப் பாருங்கள், இழுவை சரியா என்று பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
கடையினர்