வேகத்தைக் குறை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெளிநாட்டில் பல் மருத்துவராக உரிமம் வாங்குவதற்கு நீ போட்டு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். நாடு, தேர்வு, செலவு, காலம் என்று கட்டம் கட்டி அழகாகப் போட்டிருக்கிறாய். அப்பா அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, அது வந்ததிலிருந்து அமெரிக்கா, அமெரிக்கா என்கிறார். அவருக்குப் போய்ச் சேரும் இடம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நான் உன்னைப் போலவே நோயாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலத்தைக் கழித்தவள். எனக்கு அந்த அட்டவணையில் எங்கேயும் உன் கை தென்படவில்லை. நாடு விஷயத்தைச் சுருக்கமாகப் பேசிவிட்டு அதற்கு வருகிறேன்.

அமெரிக்காவில் உன் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உரிமம் கேட்க முடியாது. பெரும்பாலான மாநிலங்கள், கோடா என்கிற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. அதனால் வெளியில் படித்தவர்கள் முதலில் ஐ.என்.பி.டி.இ. என்ற தேசிய எழுத்துத் தேர்வை எழுதுகிறார்கள். இரண்டு நாள், 500 கேள்விகள். பிறகு கேப்பிட் என்ற பொது விண்ணப்பம் வழியாகக் கல்லூரிகளைக் கேட்டு, இடம் கிடைத்தால் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மறுபடி மாணவியாக உட்கார வேண்டும். முடித்தால் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. என்ற பல் மருத்துவப் பட்டம், அதற்கப்புறம் மாநில உரிமம். கட்டணத்தை நினைத்தால் தலை சுற்றும். ஆனால் ஒன்று, அங்கே படித்து முடித்தவளை அதற்குப் பிறகு யாரும் வெளியாள் என்று தனி வரிசையில் நிறுத்துவதில்லை. அந்தப் பட்டத்தோடு கனடாவுக்குப் போனாலும் வெளிநாட்டவருக்கான சமத்தன்மைத் தேர்வுகள் கிடையாது. அப்பா சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

கனடாவில் மறுபடி படிக்காமலே தேர்வுகள் வழியாக ஏறலாம். ஏ.எஃப்.கே. என்ற அறிவுத் தேர்வில் தொடங்குகிறது. கை வேலையை ஒட்டாவாவில் உள்ள தேர்வு மையத்தில் செய்து காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் ஏறக்குறைய இதே போக்குதான்: ஆவணச் சரிபார்ப்பு, எழுத்துத் தேர்வு, கடைசியில் மெல்போர்னில் இரண்டு நாள் செய்முறைத் தேர்வு. இங்கிலாந்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ஓ.ஆர்.இ. தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி கணினியில். இரண்டாவதில் பொம்மைத் தலையில் வேலை, நடிக்கும் நோயாளிகளோடு பேச்சு, சிகிச்சைத் திட்டம், அவசர மருத்துவம் என்று நான்கு. அங்கே தேர்ச்சி பெறுவதற்கு முன்னால் தேர்வுக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடு. 2020-ல் கொரோனாவால் நின்று 2022-ல்தான் மறுபடி தொடங்கியது. அப்போது நீண்ட வரிசை சாமானியமாகக் குறையவில்லை. ஜெர்மனிக்கு முதல் பரீட்சை மொழிதான். மருத்துவ ஜெர்மன் சி1 என்ற உயர்நிலை அளவுக்குப் பேச வராமல் உரிமம் கிடைக்காது. வளைகுடா நாடுகள் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாக உன் சான்றிதழ்களை அடிவேர் வரை சரிபார்க்கும், கணினித் தேர்வும் உண்டு, மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் முடியும்.

என்னைக் கேட்டால் கனடா அல்லது ஆஸ்திரேலியா. பணம் குறைவு, கை நல்ல கை, வயதும் இருக்கிறது என்பவளுக்குத் தேர்வு வழிதான் சரி. ஆனால் எதையாவது ஒன்றைத்தான் எடு. இரண்டு மூன்று நாட்டுக்கு ஒரே சமயத்தில் படிக்கிறேன் என்று இறங்காதே. பாடம் ஒன்றுதான் என்று தோன்றும், ஆனால் பல்லுக்குப் போடும் எண்கூட ஒன்றில்லை. நாம் 36 என்று எழுதும் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் அமெரிக்காவில் 19. நாம் 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். அங்கே 14 என்றால் மேல் இடது முதல் கடைவாய்ப்பல். பக்கமே மாறிப்போகிறது, பார். மருந்து நிரப்புவதும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து பாதரசம் கலந்த அடைப்பான அமால்கத்தை, சில விலக்குகள் தவிர, நிறுத்திவிட்டது. மற்ற இடங்களில் எல்லோரும் இன்னும் விடவில்லை. நீ போகும் நாட்டுப் பாடத்திட்டத்தில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதில் கையைப் பழக்கு.

சரி, இப்போது கைக்கு வருவோம்.

நீ வேகமானவள். கிளினிக்கில் உனக்கு அதில்தான் பெயர். வெளியே கூட்டம் இருக்கும்போது ஒரு சொத்தையைத் தோண்டி அடைத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாய், நோயாளிக்கு வலியும் இருக்காது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் இந்தத் தேர்வுகளில் மேசைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு உன் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். இவளை ஒரு மனிதரின் வாயோடு தனியாக விட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாமா, அவ்வளவுதான் அவர்கள் கேள்வி. நீ கூட்டத்துக்காகச் சுருக்கிக்கொண்ட ஒவ்வொரு படியும் அங்கே மதிப்பெண்ணாக வெட்டுப்படும்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு நடுவில் சொத்தை, பக்கவாட்டுச் சுவரைத் திறந்து அடைக்க வேண்டும். நோயாளியிடம் காற்றால் சுழலும் துளைக்கருவியான ஏரோட்டரைப் பிடிக்கும்போது, மேலே உள்ள எனாமல் முடிந்து உள்ளே இருக்கும் டென்டினுக்குள் பர் என்ற துளைமுனை இறங்கும் இடம் உன் விரலுக்குத் தெரியும், சத்தமே மாறும். தேர்வில் கொடுக்கும் சாதாரண பிளாஸ்டிக் பல்லில் அந்த மாற்றம் கிடையாது. மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், கொஞ்சம் அழுத்தினால் உருகிப் பர்ரில் ஒட்டும். விரலை நம்பிப் பழகியவள் அங்கே ஒரு மில்லிமீட்டர் அதிகம் இறங்கிவிடுவாள். அதனால் ஆழத்தைக் கண்ணாலும் புரோப் என்ற அளவுக்குச்சியாலும் அளக்கப் பழகு. பர்ரின் தலை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் அதுவே அளவுகோல். (அமெரிக்க உரிமத் தேர்வுகளில் இப்போது எனாமல், டென்டின், சொத்தை என்று அடுக்கடுக்காகச் செய்த செயற்கைப் பல் வந்திருக்கிறது. முன்பெல்லாம் தேர்வெழுதுபவரே சொத்தைப் பல்லோடு ஓர் ஆளைத் தேடிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கூத்து 2020-க்குப் பிறகுதான் பெரும்பாலும் ஒழிந்தது.)

அப்புறம் பக்கத்துப் பல். தொடும் இடத்தை உடைக்கும்போது பர் பக்கத்துப் பல்லில் லேசாக உரசிவிடுவது கிளினிக்கில் யார் கண்ணிலும் படாது. நோயாளிக்கும் தெரியாது. இங்கே தேர்வாளர் உன் வேலையைப் பார்க்கும் முன்னால் பக்கத்துப் பல்லைத்தான் திருப்பிப் பார்ப்பார். அதில் ஆழமான கீறல் இருந்தால் உன் அடைப்பு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. நடுவில் மேட்ரிக்ஸ் பேண்ட் என்ற மெல்லிய உலோகத் தகட்டைச் செருகி, வெட்ஜ் என்ற சிறு ஆப்பை வைத்துவிட்டு வெட்டு. கடைசி மெல்லிய எனாமல் சுவரைப் பர்ரால் போகாமல் கைக்கருவியால் உடை. பல்லைச் சுற்றி எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டேம் போடுவதை ஒரு சடங்காக நினைக்காமல் தினமும் போட்டுப் பழகு. அவசரத்தில் அதைப் பிடிக்கும் கிளாம்ப் வழுக்கினால் தேர்வில் பத்து நிமிடம் போய்விடும்.

பொம்மைத் தலை விஷயம் ஒன்றிருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மேல் கடைவாய்ப்பல் தெரியவில்லை என்று அந்தத் தலையைக் கழுத்து முறியும் அளவுக்குத் திருப்புவார்கள். ஒரு மனிதர் அப்படித் திரும்ப முடியுமா என்று பார்த்து மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். மிரரில் பார்த்து வெட்டத் தெரிந்தவளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உனக்கு மேல் வலது பக்கம் மிரர் வேலை தயக்கம் என்று எனக்குத் தெரியும், குனிந்து நேராகப் பார்த்தே சமாளிப்பாய். முதுகுக்கும் அது நல்லதில்லை. இப்போதே மாற்றிக்கொள்.

கிரவுனுக்குப் பல்லைச் செதுக்குவதை நீயே பார்த்துக்கொள்வாய், உன் ஓரக்கோடு எப்போதும் சுத்தம். சரிவு மட்டும் கூடிவிடுகிறது. கவனி.

வாய்ப் பேச்சும் கைவேலைக்குச் சமம். நடிக்கும் நோயாளி முன்னால் உன்னை உட்கார வைத்து, ரூட் கேனால் செய்யும்போது ஃபைல் என்ற ஊசிக்கருவி உள்ளே உடைந்துவிட்டது, அவரிடம் சொல் என்பார்கள். மழுப்பினால் போயிற்று. நடந்ததை நேராகச் சொல்ல வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், அடுத்து என்னென்ன வழி இருக்கிறது என்று விளக்க வேண்டும், எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது உட்பட. பிரிட்டனில் 2015-ல் மாண்ட்கோமரி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பே இப்படி வழிகளை விளக்குவதற்கு அடிப்படை: நோயாளிக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்துகளை மருத்துவர் சொல்லியே ஆக வேண்டும். "எடுத்துடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊசியை எடுக்கும் பழக்கம் அங்கே செல்லாது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். பல் நரம்பு வீங்கி வலி என்று வந்தவருக்கு, காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாதபோது மாத்திரை எழுதினால் தப்பான பதில். பல்லைத் திறந்து வலியின் காரணத்தை எடுப்பதுதான் சிகிச்சை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது, படித்துப் பார்.

காகித வேலை சலிப்பானது, ஆனால் வரிசை முக்கியம். கல்லூரியிலிருந்து நேராக அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியலுக்கு இன்றே எழுது. அதற்குத்தான் அதிகக் காலம் ஆகும். பல் மருத்துவக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றை மட்டும் அவசரப்பட்டு வாங்காதே. பல இடங்களில் அது சில மாதங்களுக்குமேல் செல்லாது, விண்ணப்பம் தயாரானதும் வாங்கிக்கொள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு என்பதையும் கணக்கில் வை. ஓ.ஆர்.இ.க்குப் போவதாக இருந்தால் நோயாளிகளை நீயே பார்த்த 1,600 மணி நேரத்துக்குச் சான்று வேண்டும். அதனால் இப்போது வேலை பார்க்கும் கிளினிக்கை விட்டு வருவதற்கு முன்பே கையெழுத்து வாங்கு; வெளியே வந்தபிறகு கேட்டால் பதில் வராது. பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், பட்டத்தில் முன்னெழுத்து என்று இருந்தால் அதற்கொரு பிரமாணப் பத்திரம் போட்டு வை.

போய்ச் சேர்ந்து, உரிமம் கிடைக்கும்வரை உதவியாளராக வேலை பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்த நாட்டு விதி அனுமதித்தால் தாராளமாகப் பார். எச்சில் உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது, கருவிகளைச் சுத்தம் செய்யும் முறையும் குறிப்பெழுதும் முறையும் அங்கேதான் கற்றுக்கொள்வாய். ஆனால் உரிமம் இல்லாத நாளில் யார் வாயிலும் கருவியை வைக்காதே. அங்கே இருக்கும் டாக்டரே "உனக்குத்தான் தெரியுமே, நீயே முடித்துவிடு" என்பார். சிநேகிதிக்குப் பல் வெளுக்கக் கேட்பார்கள். இங்கிலாந்தில் பல் வெளுப்பதுகூடப் பல் மருத்துவம்தான் என்று 2013-ல் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த ஒரு புகார் வந்தால் நீ படித்த அத்தனை தேர்வும் வீண். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுத்துவிடு.

முதுகலை முடித்துவிட்டுப் போகலாம் என்று உன் தோழிகள் சொல்கிறார்களாம். படிக்க ஆசை இருந்தால் படி. வெளிநாட்டு உரிமத்துக்காக என்றால் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் முதல் வாசல் பொதுப் பல் மருத்துவர் உரிமம்தான்.

பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, தேர்வுக் கட்டணம் வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் என்றால் மட்டும் கடன்தான், அதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மனிதர் அதற்கப்புறம் அச்செடுத்த தாளில் கனடா பக்கத்தையும் படிக்கிறார்.

பழகுவதற்கான செயற்கைப் பல்வரிசை, அதுதான் டைபோடான்ட், வாங்கிவிட்டாயா? தேர்வு நடத்துபவர்கள் எந்த நிறுவனத்துப் பற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள், அதே பற்களை வாங்கு. கம்பெனிக்குக் கம்பெனி கடினம் மாறும். என் பழைய மைக்ரோமோட்டர் ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது, ஆனால் அதில் ஏரோட்டர் பழக்கம் வராது. சின்ன கம்ப்ரஸர் ஒன்றும் சேர்த்து அனுப்பட்டுமா, உன் அறையில் சத்தத்துக்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா