தவணையில் வேண்டாம் கிறிஸ்துமஸ் பரிசு

ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸையொட்டிப் பொம்மைக் கடைகளில் தவணை விற்பனை சூடுபிடித்திருப்பதாக உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் ஆசைப்பட்டதை வாங்கித் தருவதில் தவறில்லை. கடன்பட்டு வாங்கித் தருவதுதான் தவறு. 'வட்டியில்லாத் தவணை' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது பெரும்பாலும் பிராசசிங் கட்டணமாக வாடிக்கையாளர் தலையிலேயே விழுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மூன்று வருடங்களுக்கு முன் நானும் என் மகனுக்கு ஒரு பேட்டரி கார் வாங்கினேன். ஒன்பதாயிரம் ரூபாய், பன்னிரண்டு தவணை. பொங்கலுக்குள் சார்ஜர் போய்விட்டது. தவணை மட்டும் அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஓடியது. இப்போது அது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, சீட்டில் பழைய செய்தித்தாள் கட்டு. அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் அவன் சொல்வது, கிறிஸ்துமஸ் குடிலில் புல்லாக வைக்கத் தட்டில் கேழ்வரகு விதைத்து, தினமும் எழுந்ததும் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்ததைத்தான்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல திருச்சபைகளில் கிறிஸ்துமஸ் மர விழாவன்று, பெற்றோர் கொடுத்துவைத்த பொட்டலத்தைக் கிறிஸ்துமஸ் தாத்தா பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துத் தருகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெட்டி பெரிதாக இருந்தால் நம் பிள்ளையின் முகம் வாடிவிடுமே என்ற பயம்தான் பலரைக் கடைக்குத் துரத்துகிறது. ஒரு பரிசு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிகள் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆராதனை அறிவிப்பில் சொல்லிவிடலாம்.

– வாசகர், பாளையங்கோட்டை