மொட்டைமாடியிலிருந்து தொடங்க வேண்டிய சிக்கனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்ததும் மின் கட்டணம் பற்றிப் புலம்பும் நாம், பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அறைக்குள் இறக்கும் கான்கிரீட் கூரையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முன்பு தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, அதன் மேல் தட்டையான ஓடுகள் பதித்தார்கள். இன்று செலவைக் குறைப்பதற்காக முதலில் கைவிடப்படுவது அதுதான். அதற்கு வசதியில்லாதவர்கள் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சோ அடித்தாலே மேல்தள அறைகளில் வேறுபாடு தெரியும். மேற்குச் சன்னலுக்கு உட்புறத் திரையைவிட வெளிப்புற மூங்கில் தட்டியே மேல், ஏனெனில் வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படுகிறது.

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்க, பி.எல்.டி.சி. எனப்படும், தூரிகையில்லா மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால், நம் இருமாதக் கணக்கீட்டில் ஒரு விசிறிக்கே ஏறத்தாழ 43 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் தமிழ்நாட்டில் இது சிறு தொகையன்று. ஏ.சி.யில் ஒவ்வொரு டிகிரி உயர்த்தலுக்கும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. ஆனால், 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வை தேடுவோரிடம் யார் சொல்வது?

கட்டட வரைபட அனுமதியின்போதே கூரையில் வெப்பத் தடுப்பைக் கட்டாயமாக்க, உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை